பேர் சொல்லும் பிள்ளை



பரிசளிப்பு விழாவில் ஒரு பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தால் இரண்டு பெயர்கள் காதில் விழும். முதலில் பிள்ளையின் பெயர். பிறகு 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரம்புவான்' என்று சொல்லி அப்பாவின் பெயர். அடையாளக் கார்டில் இதையே 'ஏ/எல்', 'ஏ/பி' என்று சுருக்கிப் போடுகிறார்கள். "சீனருக்குக் குடும்பப் பெயர் இருக்கு, வெள்ளைக்காரனுக்கும் இருக்கு, நமக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். பதிலுக்குக் கொஞ்ச தூரம் பின்னோக்கிப் போக வேண்டும்.

சங்க காலத்திலேயே உண்டு

நெடுநல்வாடையைப் பாடிய நக்கீரரின் முழுப்பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். முல்லைப்பாட்டைப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். முதலில் ஊர், அடுத்து அப்பா, கடைசியில் தன் பெயர். இந்த 'மகனார்' தானே இன்றைய 'அனாக் லெலாக்கி'! கரூருக்குப் பக்கத்தில் புகளூர் மலையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் சேர மன்னர் குலத்தின் மூன்று தலைமுறைகளை 'மகன், மகன்' என்று அடுக்கியே செதுக்கியிருக்கிறார்கள். ஆகவே 'ஏ/எல்' என்பது சர்க்கார் நம் தலையில் கட்டிய புது வழக்கம் அல்ல. எழுத்து மட்டுமே புதிது, வழக்கம் நம் பாட்டன் பூட்டன் காலத்தது.

இன்னொன்றும் பாருங்கள். 'பேரன்' என்ற சொல் 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். முருகன் மகன் கருப்பன், கருப்பன் மகன் மறுபடியும் முருகன். குடும்பப் பெயர் இல்லாமலேயே குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற நம்ம பெரியவங்க கண்ட வழி இது. 'பேர் சொல்லும் பிள்ளை' என்று சும்மாவா சொன்னார்கள்?

கப்பலேறி வந்த பெயர்

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) இறங்கிய நம் முன்னோர், பெட்டியோடு பெயரையும் கொண்டுவந்தார்கள். அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள். கப்பல் பட்டியலிலும் தோட்டத்துச் செக்ரோலிலும் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். 'இன்னார் மகன்' என்பது 'சன் ஆஃப்' ஆனது, 'மகள்' என்பது 'டாட்டர் ஆஃப்' ஆனது. ஆங்கிலத்தில் 'ழ' கிடையாது. குறில் நெடில் கணக்கும் சரியாக வராது. அண்ணன் கார்டில் ஒரு மாதிரி, தம்பி கார்டில் வேறு மாதிரி என்று ஒரே அப்பாவின் பெயர் மாறிப்போனது இப்படித்தான்.

1948-இல் அவசரகாலம் வந்தபோது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டியதாயிற்று. வாயில் வழங்கிய பெயர் அதுமுதல் அட்டையில் உட்கார்ந்துகொண்டது. பிறகு 'சன் ஆஃப்' போய் மலாய்ச் சொல் வந்தது. பக்கத்துச் சிங்கப்பூரில் இன்றைக்கும் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்றுதான் போடுகிறார்கள்.

ஜெர்மனி சொல்லும் பாடம்

இதே வழக்கம் தமிழருக்கு மட்டும் சொந்தமல்ல. ஜெர்மன் பேசும் நாடுகளில் வாழ்ந்த யூதர்களும் பெரும்பாலும் 'இன்னார் மகன் இன்னார்' என்றே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் மகனுக்கு 'பென்' என்று பெயர். 1787-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், யூதர் எல்லாரும் நிரந்தரமான ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 1812-இல் பிரஷ்யாவும் குடியுரிமை வேண்டுமானால் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்றது. தொழிலை வைத்துச் சிலர் பெயர் கொண்டார்கள், ஊரை வைத்துச் சிலர். பெரும் பணக்காரரான ராத்ஷீல்ட் குடும்பத்தின் பெயருக்குச் 'சிவப்புக் கேடயம்' என்று பொருள். பிராங்பர்ட் நகரில் அவர்கள் முன்னோர் வாழ்ந்த வீட்டின் அடையாளம் அது. அதிகாரி வைத்ததே பெயர் என்று ஆன இடங்களும் உண்டு.

மெண்டல் என்பவரின் மகன் மோசஸ் பெரிய தத்துவ அறிஞர். ஆணை வருமுன்பே அவர் 'மெண்டல்சன்', அதாவது மெண்டலின் மகன், என்று ஜெர்மன் மொழியில் தம் பெயரை எழுதிக்கொண்டார். அவருடைய மகன் ஆப்ரஹாம். ஆப்ரஹாமின் மகன்தான் 1809-இல் பிறந்த இசைமேதை பெலிக்ஸ். நம் கணக்குப்படி அவர் 'ஆப்ரஹாம் மகன் பெலிக்ஸ்'. உலகமோ அவரையும் மெண்டல்சன் என்றே அழைத்தது. கொள்ளுத் தாத்தாவின் பெயர் அப்படியே உறைந்துவிட்டது!

அந்தப் பெயரே பின்னால் ஆபத்தும் ஆனது. 1938-இல் ஹிட்லர் அரசு, தான் அனுமதித்த பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆளைப் பிரித்து ஒதுக்கப் பெயரையே சூட்டுக்கோலாக்கினார்கள்.

நாம் உதறிய வால்

பெயரால் மனிதரைப் பிரிக்கும் வேலை நம்மிடமும் இருந்தது. பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டம்தான் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கே வந்து பேசினார். சாதிப் பட்டம் போன இடத்தில் தலையெழுத்தாக நின்றது அப்பாவின் பெயர். பிரிக்பீல்ட்ஸ் பெருஞ்சாலைக்குப் பெயர் தந்த துன் வீ. தி. சம்பந்தனின் 'வீ' என்ன தெரியுமா? அவர் தந்தை வீராசாமி. அமைச்சராகி உயர்ந்தபோதும் அப்பா முன்னால் நடந்தார், மகன் பின்னால் வந்தார். நம் பெண்களும் கல்யாணம் ஆனபிறகு அடையாளக் கார்டில் பெற்ற தந்தையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எத்தனையோ நாடுகளில் இல்லாத உரிமை இது.

நாம் செய்ய வேண்டியது

ஆனால் நம் முறையில் ஒரு குறை உண்டு. அதில் ஒரு தலைமுறைதான் நிற்கும். மகன் கார்டில் அப்பா இருப்பார், தாத்தா இருக்க மாட்டார். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் பழக்கமும் குறைந்து வருகிறது. வெளிநாடு போய்க் குடியேறுகிறவர்களுக்கோ அப்பா பெயரே குடும்பப் பெயராகி, மெண்டல்சன் கதை மறுபடி நடக்கிறது. கப்பலேறி வந்த அந்தப் பெரியவர் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பிறந்ததும் தாமதிக்காமல் பதியுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு எழுத்தையும் உங்கள் கார்டோடு ஒத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் வெட்கம் இல்லை. இன்று தப்பும் ஓர் எழுத்து, நாளை பரீட்சைச் சான்றிதழிலும் சேமநிதிப் பணத்திலும் வந்து வழிமறிக்கும்.

மாணவ மணிகளே, உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். அவர்களுடைய அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயர்களைக் கேளுங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம் என்றும் கேளுங்கள். அம்மா வழியை விட்டுவிடாதீர்கள், கார்டில் இடம் கிடைக்காதவர்கள் அவர்கள்தான். கேட்டதையெல்லாம் தமிழில் எழுதுங்கள், அப்போதுதான் 'ழ' தப்பாது. கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.