கிற்றாரும் குரலும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒலிப்பதிவின் வரலாறு

கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் 1624 அளவில் திருகோணமலையிற் கோட்டை கட்டினர். 1639 இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஆட்சி என்று பார்த்தால் போர்த்துக்கேயர் இத்துறைமுகத்தில் நிலைத்திருந்த காலம் பதினைந்து ஆண்டுகள் மட்டுமே. எனினும் அவர்தம் மொழியின் ஒரு கிளை இன்றளவும் இம்மாவட்டத்துப் பறங்கியர் சிலரது இல்லங்களிற் பேசப்படுகின்றது. ஆட்சி போன பின்னரும் மொழி நின்றதற்குக் காரணம் வாளன்று. ஒல்லாந்தர் காலத்திலும் இக்கலப்புமொழியே கரையோரப் பட்டினங்களிற் பொதுமொழியாக வழங்கிற்று. மணவுறவும் வாணிகமும் அதனை வளர்த்தன. தமிழரிடையே நெடுங்காலம் வாழ்ந்தமையால் அதன் சொற்கள் போர்த்துக்கேயமாகவும் வாக்கிய அமைப்புப் பெரும்பாலும் தமிழாகவும் அமைந்துவிட்டன. வினை இறுதியில் வருகின்றது. வேற்றுமையைக் காட்டும் உருபு பெயருக்குப் பின்னே நிற்கின்றது.

இம்மொழியின் உயிர்ப்பு மிகுதியாகக் காணப்படுமிடம் பாட்டு ஆகும். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியரின் திருமண வீடுகளில் ஆடப்படும் கபிறிஞ்ஞா, வயலின், கிற்றார், றபான் ஆகியவற்றின் துணையோடு ஆறெட்டுத் தாளத்தில் நடப்பது. ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் நாலடிப் பாக்கள் இதற்கு உரியவை. கிழக்கிலங்கையின் நாட்டார் கவிகளை அறிந்த எவருக்கும் இம்முறை புதிதாகத் தோன்றாது. இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கிற்றார் போர்த்துக்கேயரோடு வந்து அன்றுதொட்டு இன்றுவரை மாறாது நின்றது என்று கூறுவாருளர். இன்று நாம் காணும் ஆறு நரம்புக் கிற்றார் தன் வடிவத்தைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். கப்பலில் வந்தது அதன் மூதாதை எனக் கொள்வதே பொருந்தும்.

இப்பாடல்களை முதன்முதலில் முறையாகத் தொகுத்தவருள் ஹியூ நெவில் முதன்மையானவர். இலங்கைக் குடியியற் சேவையிலிருந்த அவர், ஓலைச்சுவடிகளைத் திரட்டியவர் என்ற வகையிலேயே நம்மவரால் அறியப்படுகின்றார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அச்சுவடிகளை 1904 இல் பிரித்தானிய நூதனசாலை வாங்கிற்று. அத்தொகுதியிலே கிழக்கிலங்கைப் பறங்கியரின் பாடல்களைக் கொண்ட கையெழுத்துப் பிரதியும் உண்டு. அதனைக் கென்னத் டேவிட் ஜாக்சன் ஆராய்ந்து 1990 இல் நூலாக வெளியிட்டார். பிரதியிற் சொற்கள் உள்ளன; மெட்டு இல்லை. எந்த அடியில் ஆடுவோர் திரும்பினர், எங்கே கிற்றார் தனித்து ஒலித்தது என்பனவற்றை எழுத்து நமக்குச் சொல்லவில்லை. நெவிலின் குற்றமன்று இது. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி தோன்றியதே 1877 இல் ஆகும்.

1902 இற் கல்கத்தாவிலே கிராமபோன் கம்பனியார் இந்திய இசையைத் தட்டிற் பதியத் தொடங்கினர். அக்காலப் பதிவுமுறை கிற்றாருக்கு உகந்ததன்று. பாடுவோர் பெரிய குழலொன்றின் வாயருகே நின்று உரத்துப் பாட, அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறியது. உரத்த குரல் பதிந்தது. விரலால் மீட்டும் நரம்பின் மென்னொலி பெரும்பாலும் பதியாது போயிற்று. 1925 இல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் பதிவுக்கூடத்துட் புகுந்த பின்னரே கிற்றாரும் மெல்லிய குரலும் சமநிலையில் ஒலிக்க வழி பிறந்தது. அதே ஆண்டின் இறுதியிற் கொழும்பிலே வானொலியும் தொடங்கிற்று.

ஆயினும் கலையகம் என்பது கொழும்புக்கே உரியதாயிருந்தது. திருகோணமலையிலிருந்து பாட விரும்புவோர் புகைவண்டியேறித் தலைநகர் செல்ல வேண்டியிருந்தது. 1967 இற் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலி ஈழத்து மெல்லிசைக்கு இடமளித்தது. அச்சூழலிற் கிற்றாரை ஆதாரக் கருவியாகக் கொண்டு தமிழ்ப் பொப்பிசை எழுந்தது. அதன் முன்னோடிகளுள் திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இலங்கையில் முதன்முதல் வெளிவந்த தமிழ் இசைத்தட்டு எனப் பலராலும் குறிக்கப்படுவது எம். பி. பரமேஷ் பாடியதாகும். துறைமுகப் பட்டினமொன்றின் இளைஞர் இதைச் சாதித்தமை தற்செயலன்று எனத் தோன்றுகின்றது. கடற்படைத் தளம் ஆங்கிலேயரிடமிருந்து 1957 இற் கைமாறும்வரை மேலைநாட்டு இசை இவ்வூரின் காதுக்கு அந்நியமாக இருந்ததில்லை. பறங்கியரின் பைலாத் தாளமோ அயல்வீட்டு ஒலியாகவே இருந்தது.

இதனிடையே ஒரு முரணையும் நோக்கலாம். 1980களில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி திருகோணமலைக்கருகே வலிமைமிக்க சிற்றலை அஞ்சல் நிலையமொன்றை நிறுவிற்று. ஐரோப்பாவின் செய்தி இக்கரையிலிருந்து ஆசியாவெங்கும் பாய்ந்தது. அக்கரையிற் பாடப்பட்ட பாட்டோ அயலூருக்கும் எட்டவில்லை.

1963 இல் பிலிப்ஸ் கம்பனி வெளியிட்ட கசற் இந்நிலையை ஓரளவு மாற்றியது. திருமண வீட்டிலே ஒருவர் பதிவுப்பொறியை மேசைமேல் வைத்துவிட்டால் இரவு முழுவதும் பதிவாகியது. எழுபதுகளில் இயன் சிமித் மட்டக்களப்பில் இக்கலப்புமொழியை ஆராய்ந்து, 1978 இல் அதன் ஒலியியல் பற்றி நூல் வெளியிட்டார். பின்னர் வந்தது போர். 2004 டிசம்பர் 26 இல் வந்தது கடல். மட்டக்களப்பு டச்பார் போன்ற பறங்கியர் குடியிருப்புகளில் வீடுகளோடு அவற்றுள் இருந்தவையும் போயின.

2015 அளவில் ஹியூகோ கார்டோசோவும் அவருடன் மகேஷ் ராதாகிருஷ்ணன் முதலியோரும் மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை மாவட்டங்களில் இம்மொழியையும் பாட்டையும் எண்மிய முறையிற் பதிவுசெய்யலாயினர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே பலகைக் கணினி (ரப்லெட்) சந்தைக்கு வந்திருந்தது. ஐபாட் 2010 இல் வெளியாயிற்று. அதற்கான கராஜ்பான்ட் என்னும் பதிவுமென்பொருள் 2011 இல் வந்தபோது எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதியும் ஆற்றல் கொண்டிருந்தது. 1967 இல் பீற்றில்ஸ் குழுவினர் தம் புகழ்பெற்ற இசைத்தட்டுக்குப் பயன்படுத்தியவை நான்கு தடப் பொறிகளே என்பதை எண்ணினால் இம்மாற்றத்தின் அளவு விளங்கும்.

தடங்களைப் பிரித்துப் பதிவதில் உள்ள பயன் வெளிப்படை. ஒரே ஒலிவாங்கியின் முன் கிற்றாரும் குரலும் சேர்ந்து ஒலித்தால், நரம்பொலியில் மூழ்கிய சொல்லைப் பின்னர் மீட்க இயலாது. பேசுவோர் அருகிவரும் மொழியில் அவ்வாறு இழக்கப்படும் ஒரு சொல் வேறெங்கும் கிடைக்காததாக இருத்தல் கூடும். முதலிற் கிற்றாரைப் பதிந்து, அதனைச் செவிக்கருவியிற் கேட்டவாறே பாடகர் பாடினால் இரண்டும் தெளிவாக அமையும். ஆனால் கபிறிஞ்ஞா ஆடுவோரின் காலைப் பார்த்து வாசிக்கப்படுவது. பாடுவோர் மூச்செடுக்கும்போது கிற்றார் சற்றே தாமதிக்கும். ஆட்டம் சூடேறினால் தாளமும் விரையும். பிரித்துப் பதிந்த பாட்டில் இக்கொடுக்கல் வாங்கல் அற்றுப்போகின்றது. ஆதலின் இரு ஒலிவாங்கிகளை ஒரே வேளையில் இணைப்புக் கருவியொன்றின் வழியே பலகைக் கணினிக்குக் கொடுப்பதே ஆய்வாளருக்கு ஏற்றதாகும். ஒன்று கிற்றாரின் கழுத்தும் உடலும் சேருமிடத்தை நோக்க வேண்டும். ஒலித்துளையை நேரே நோக்கினால் முழக்கமே மிஞ்சும். மற்றது பாடுவோரின் வாயருகே நிற்க வேண்டும். பதிவுமட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுதலும் நன்று. இல்லையேல் மெல்லப் பாடியதும் உரத்துப் பாடியதும் ஒன்றாகிவிடும். கடற்காற்றுக்கு மூடிய கதவும், எதிரொலிக்குச் சுவரில் தொங்கவிட்ட பாயும் போதும்.

இவற்றுக்குக் கொழும்புப் பயணம் வேண்டியதில்லை. அயல்நாட்டு ஆய்வாளரும் வேண்டியதில்லை. பாலையூற்றின் இளைஞர் ஒருவர் தம் பாட்டியின் பாட்டைத் தாமே பதியலாம். ஆனால் பதிவது வேறு, பேணுவது வேறு. நெவிலின் தாள்கள் நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றன. பலகைக் கணினியிலுள்ள ஒலிக்கோப்போ கருவி பழுதுறும் நாளில், படியெடுக்கப்படாதிருப்பின், போய்விடுகின்றது. கார்டோசோ குழுவினரின் பதிவுகள் இலண்டனிலிருந்த அருகும் மொழிகளின் ஆவணகத்தில் வைக்கப்பட்டன. அவ்வாவணகம் 2021 இற் பேர்லினுக்கு இடம்பெயர்ந்தது. திருகோணமலைப் பறங்கியரின் குரலும் அதனோடு அங்குச் சென்றது.