லெய்டனில் கிடைத்த நரம்பு

1904 ஏப்ரல் 7. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஹ்யூ ஹாம்ப்டன் யங் என்ற 33 வயது டாக்டர் கத்தியைக் கையில் எடுத்தார். உதவிக்கு நின்றவர் வில்லியம் ஹால்ஸ்டெட், அன்றைய அறுவை சிகிச்சை உலகில் பெரிய தலை. சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியை, அதில் பிடித்திருந்த புற்றோடு சேர்த்து அடியோடு வெளியே எடுத்தார் யங். புராஸ்டேட் புற்றுக்கான முழு அறுவை சிகிச்சைக்கு அன்றுதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது. அதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை போகப் போகத்தான் தெரிந்தது.

யங்குக்குப் பேரும் புகழும் சேர்ந்தன. ‘டயமண்ட் ஜிம்’ பிரேடி என்ற பெரும் பணக்காரர், சாப்பாட்டுப் பிரியர், புராஸ்டேட் தொல்லையோடு அவரிடம் வந்து குணமானார். அந்த நன்றியில் அவர் அள்ளிக் கொடுத்த பணத்தில் 1915-இல் பிரேடி சிறுநீரியல் நிலையம் திறக்கப்பட்டது. கதையின் பாதி இந்தக் கட்டடத்துக்குள்தான் நடக்கப்போகிறது. ஆனால் அதற்கு இன்னும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை இந்த அறுவையின் விலையாக இருந்தது, பிழைத்தவர்கள் வாழ்ந்த வாழ்க்கை. அறுவை முடிந்து வீடு திரும்பிய ஆண்களில் ஏறக்குறைய எல்லோருமே தாம்பத்திய சக்தியை இழந்தார்கள். பலருக்கு இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் கசிந்தது. 1945-இல் லண்டனில் டெரன்ஸ் மில்லின் என்ற ஐரிஷ்காரர், அடிவயிற்றின் முன்பக்கமாகவே சுரப்பியை எட்டும் பாதையைக் காட்டினார். புற்றுநோய்க்கும் அந்தப் பாதை பயன்பட்டது. ஆனால் வழியில் இருந்த சிரைப் பின்னல் அறுபட்டவுடன் ரத்தம் குளமாகத் தேங்கியது. அதற்குள் விரலை விட்டுத் தடவித் தடவித்தான் சுரப்பியை எடுத்தார்கள். ‘உயிர் மிஞ்சினால் போதும், மற்றதை மறந்துவிட வேண்டியதுதான்’ என்று டாக்டர்களே மனதைத் தேற்றிக்கொண்டார்கள். கதிர்வீச்சு சிகிச்சை வந்ததும் கத்தி ஏறக்குறைய ஓரங்கட்டப்பட்டது. அந்த நேரத்தில்தான் பிரேடி நிலையத்துக்குப் புதுத் தலைவர் வந்தார்.

1974-இல் பொறுப்பேற்றபோது பேட்ரிக் வால்ஷுக்கு 36 வயது. ரத்தக் குளத்துக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய அவருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சிரைகள் எங்கே கிளம்பி எப்படிப் பிரிகின்றன என்று பொறுமையாக வரைபடம் போட்டார். எந்த இடத்தில் கட்டுப்போட்டால் ரத்தம் நிற்கும் என்பது பிடிபட்டது. அறுவை நடக்கும் இடம் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதோடு அவர் எதிர்பாராத வேறொன்றும் நடந்தது.

1977-இல், அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்து 58 வயதுக்காரர் ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். தாம்பத்தியம் பழையபடியே இருக்கிறது என்றார். வால்ஷுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விறைப்பைத் தரும் நரம்புகள் சுரப்பிக்குள்ளேயே ஓடுகின்றன, ஆகவே சுரப்பியோடு அவையும் போய்த்தான் ஆக வேண்டும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஒரே ஒருவருக்கு மிஞ்சியிருந்தாலும் அந்த நம்பிக்கை பொய். இன்னொரு டாக்டராக இருந்தால் ‘நல்லது’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வால்ஷ் விடவில்லை. சுரப்பிக்குள் இல்லையென்றால் அந்த நரம்புகள் எங்கே?

உடற்கூறியல் புத்தகங்களில் விடை இல்லை. ஃபார்மலினில் ஊறிய பெரியவர்களின் சடலங்களை வைத்து எழுதப்பட்டவை அவை. மேலே இருக்கும் உறுப்புகளின் அழுத்தத்தில் புராஸ்டேட்டும் அதைச் சுற்றிய மெல்லிய திசுக்களும் தட்டையாகி ஒட்டிக்கிடக்கும். அதற்குள் இழை போன்ற நரம்பைப் பிரித்தறிவது நடக்காத காரியம். நான்கு ஆண்டுகள் அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

1981-இல் ஒரு மாநாட்டுக்காக வால்ஷ் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனார். பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. அவருடைய 43-வது பிறந்தநாள். அங்கே பீட்டர் டோன்கர் என்ற ஓய்வுபெற்ற சிறுநீரியல் பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிசுவின் உடலில் நரம்புகள் ஒப்பளவில் தடிமனாகவும், கொழுப்பு மூடாமலும் இருக்கும். வால்ஷ் தன் கேள்வியைக் கேட்டார்: ஆண்குறிக்குப் போகும் நரம்பு எது? அதைத் தான் தேடிப் பார்த்ததே இல்லை என்றார் டோன்கர். இருவரும் சேர்ந்து குனிந்தார்கள். சில மணி நேரத்தில் நரம்பு கிடைத்தது. அது சுரப்பிக்குள் இல்லை. அதன் உறைக்கு வெளியே, பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் நூற்றாண்டாக, தேவையே இல்லாமல் ஆண்கள் அதை இழந்திருந்தார்கள்.

சிசுவில் தெரிந்தது சரி, உயிருள்ள பெரியவரின் உடலில் கண்ணுக்கே தெரியாத அந்த இழைகளை எப்படி அடையாளம் காண்பது? நரம்புகள் தனியாகப் போகவில்லை. சிறு ரத்தக் குழாய்களோடு ஒரே கற்றையாகப் போகின்றன. ரத்தக் குழாய் கண்ணுக்குத் தெரியும். அதையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டார் வால்ஷ். 1982 ஏப்ரல் 26-ஆம் தேதி, 52 வயதான உளவியல் பேராசிரியர் ஒருவருக்கு, நரம்புக் கற்றையைத் திட்டமிட்டே விட்டுவைத்து சுரப்பியை எடுத்தார். பேராசிரியருக்குத் தாம்பத்திய சக்தி திரும்பியது. ஆனால் மருத்துவ உலகத்துக்குப் பெரிய சந்தேகம்: நரம்பை விட்டுவைக்கிறேன் என்று புற்றையும் விட்டுவைத்துவிட்டால்?

விடை சொல்லக் காலமும் ஒரு சொட்டு ரத்தமும் தேவைப்பட்டன. 1980-களில் பரவிய, புராஸ்டேட் செல்கள் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை, அறுவைக்குப் பின் உடலில் எங்காவது புராஸ்டேட் செல் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுத்தது. வால்ஷின் குழு 2,404 பேரைத் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்ட கணக்கின்படி, 15 ஆண்டுகளில் புராஸ்டேட் புற்றால் சாகாமல் தப்பியவர்கள் 90 சதவீதம். அதற்கு முன்பே, 1999-இல் வந்த இன்னொரு கணக்கு, பயத்தால் தூக்கம் இழந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல்: அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியவர்களுக்குக்கூட, புற்று வேறிடத்தில் தலைகாட்ட சராசரியாக எட்டு ஆண்டுகள் ஆயின. கத்தி மறுபடி கௌரவம் பெற்றது. அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தவர் நம் பக்கத்தில் படித்தவர்.

மணி மேனன் திருச்சூர்க்காரர். புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்து, அதே பிரேடி நிலையத்தில் பயிற்சி பெற்றவர். போர்க்களத்துக் காயங்களுக்குத் தொலைவிலிருந்தே அறுவை செய்யலாம் என்ற அமெரிக்க ராணுவக் கனவில் முளைத்து, இதய அறுவைக்காக வளர்க்கப்பட்ட ‘டா வின்சி’ ரோபோ அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. இதயத்தில் அதற்குப் பெரிய வரவேற்பில்லை. 2000-இல் ஐரோப்பாவில் சிலர் அதை புராஸ்டேட்டுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இருந்த மேனன் அதை அன்றாட சிகிச்சையாகவே ஆக்கிக் காட்டினார். ராஜ் வட்டிகுட்டி என்ற இந்திய வம்சாவளித் தொழிலதிபரின் நன்கொடை அதற்குக் கைகொடுத்தது. பெரிதாக்கிய முப்பரிமாணப் படத்தில் அந்த நரம்புக் கற்றை தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் கதை ‘எல்லாம் சுபம்’ என்று முடிந்துவிடவில்லை.

பிரிட்டனின் ‘புரொடெக்ட்’ ஆய்வு 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்தது. 15 ஆண்டுகள் கழித்து 2023-இல் முடிவு வந்தபோது, மூன்று பிரிவையும் சேர்த்து புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் 2.7 சதவீதம் மட்டுமே. ஆனால், அறுவைப் பிரிவில் 12-ஆவது ஆண்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கசிவுக்காக பேட் வைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கு ரத்தப் பரிசோதனையில் கிடைத்ததல்ல. ஆண்கள் கூச்சத்தை விட்டு, வருஷா வருஷம் படிவத்தில் தாங்களே எழுதி அனுப்பியது.

திருச்சி–திண்டுக்கல் சாலையில் மணப்பாறையைத் தாண்டி இருக்கிறது வையம்பட்டி. அந்தப் பக்கத்திலிருந்து புராஸ்டேட் புற்றுக்காகத் திருச்சிக்கோ மதுரைக்கோ போய்த் திரும்பும் ஒரு பெரியவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், ‘நெர்வ் ஸ்பேரிங்’ (நரம்பை விட்டுவைத்தது) என்று இரண்டே சொல் இருக்கலாம். மடித்துப் பையில் வைக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. லெய்டனில் கிடைத்த நரம்பு அதுதான். நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பிறகே வருவதால், எல்லோருக்கும் அந்தச் சொல் எழுதப்படுவதில்லை என்பது பெரிய துக்கம். கசிவுக்குக் கற்றுத்தரப்படும் இடுப்புத் தசைப் பயிற்சி, பிரசவமான பெண்களுக்காக 1948-இல் ஆர்னால்டு கெகல் சொன்னது, ஆண்களுக்கும் உதவுகிறது. நாள்பட்ட கசிவுக்கு செயற்கைச் சுருக்குவளையம் இருக்கிறது. ரிவ்யூவுக்கு வருபவர் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டை மட்டும் நீட்டிவிட்டு எழுந்துபோனால் இவை எதுவும் அவருக்குக் கிடைக்காது. தாம்பத்தியக் குறையை வாய்விட்டுச் சொன்னால், டாக்டர் முதலில் அந்தப் பழைய சம்மரியைத்தான் கேட்பார். ஏனென்றால், 1998-இல் வந்த சில்டெனாஃபில் மாத்திரை, நரம்பு அனுப்பும் சமிக்ஞையைப் பெருக்கித்தான் வேலை செய்கிறது. நரம்பு மிச்சம் இல்லாதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.