பூட்டிய வாயிலும் பசும்புல் வெளியும்

கோல்ஃப் என்ற பெயரைக் கேட்டதும், அது சீமான்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். தறியோசையும் தென்னந்தோப்புமாக விளங்கும் பொங்கலூரிலிருந்து பல்லடம் வழியே மேற்கு நோக்கிச் சென்றால், கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் அவ்விளையாட்டுக்கென்றே ஒரு பரந்த புல்வெளி உண்டு. வானம் பார்த்த இப்பூமிக்கு அது வந்து சேர்ந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று 1457-இல் ஸ்காட்லாந்து நாட்டில் தடை செய்யப்பட்ட ஆட்டம் இது. ஆங்கிலேயருடன் கப்பலேறி வந்து, 1829-இல் கல்கத்தாவில் சங்கமாக உருப்பெற்றது. தமிழகத்தில் 1884-இல் சென்னை ஜிம்கானா சங்கமும், 1895-இல் கொடைக்கானல் கோல்ஃப் சங்கமும் தோன்றின. ஜிம்கானாவின் கோல்ஃப் திடல் கிண்டிக் குதிரைப் பந்தய வெளியின் நடுவே அமைந்தது. 'கானா' என்பது இல்லத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். அநாதைக் குழந்தைகளைப் பேணும் யதீம்கானாவில் நாம் அறிந்த அதே சொல், இங்கே துரைமார்களின் கூடத்துக்குப் பெயராயிற்று.

அக்காலச் சங்கங்களின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1832-இல் நிறுவப்பெற்ற சென்னைச் சங்கத்தில் இந்தியருக்கு உறுப்பினராகும் உரிமை இல்லை. ஆகவே 1873-இல் காஸ்மாபாலிட்டன் சங்கம் எழுந்தது. நந்தனத்தில் அதற்கும் ஒரு கோல்ஃப் திடல் அமைந்தது. எனினும், ஏழைகளுக்கு அங்கே கிடைத்தது ஆட்டக் கோல்கள் நிறைந்த பையைச் சுமக்கும் வேலைதான். 'கேடி' எனப்பட்ட அச்சுமையாளர்கள் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றனர். டில்லியில் அவ்வாறு பை சுமந்த அலி ஷேர், 1991-இல் இந்திய ஓப்பன் போட்டியில் வென்றார். 1993-இல் மீண்டும் வாகை சூடினார். தொழில்முறை ஆட்டக்காரராக அப்பட்டத்தை முதலில் பெற்ற இந்தியர் அவரே.

திடலின் கதையில் நிலத்தின் கதையும் அடங்கியுள்ளது. கிண்டியில் சுமார் 160 ஏக்கர் அரசு நிலம், ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகையில், 99 ஆண்டுக் குத்தகையாகப் பந்தயச் சங்கத்துக்கு 1945-இல் அளிக்கப்பட்டது. வாடகை நிலுவை வழக்கு நெடுங்காலம் நடந்தபின், 2024 செப்டம்பரில் அரசு அக்குத்தகையை முறித்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

நம் ஊர்களிலும் பொது நிலங்கள் உள்ளன. அவை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, என்ன வாடகைக்கு விடப்பட்டுள்ளன என்று கேட்டறிய நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக. விளையாடும் ஆசையுள்ள ஏழைச் சிறுவனுக்கு அந்நிலத்தில் ஓர் இடம் கிடைக்க அதுவே முதல் வழி.