முனி எப்போது ஈஸ்வரன் ஆனார்?

மலேசியத் தமிழரிடையே முனியாண்டி என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைக்கு எவ்வளவு புதுப்பாணியில் பெயர் வைத்திருந்தாலும், அடையாள அட்டையில் பின்னால் வரும் தகப்பன் பெயர் முனியாண்டியாகவோ முனுசாமியாகவோ இருக்கும். பெயரைப் பிரித்தால் வியப்பு: முனி என்றாலும் துறவி, ஆண்டி என்றாலும் துறவி. கோயிலில் இருப்பவரோ முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக அரிவாளோடு நிற்கிறார். துறவி கைக்கு அரிவாள் எப்படி வந்தது?

ரிக்வேதத்தின் 10ஆம் மண்டலத்து 136ஆம் பாடலிலேயே முனி சாந்தமானவர் இல்லை. நீண்ட சடை, அழுக்கேறிய பழுப்பு ஆடை. காற்றில் ஏறித் திரிகிறார், உருத்திரனோடு ஒரே கிண்ணத்தில் நஞ்சு குடிக்கிறார். மௌனம் என்ற சொல்கூட இவருக்குப் பிந்தியது. முனியின் தன்மை என்ற பொருளில் பிறந்தது.

தமிழில் இன்னொரு சரடு சேர்கிறது. சங்கப் பாடல்களில் முனிவு என்றால் வெறுப்பு, சினம். உலகை வெறுத்தவரே முனிவர் என்று இதைத் தமிழ்வேராகக் காட்டுவோரும் உண்டு. வேர் எதுவாயினும், கேட்பவர் காதில் தவமும் கோபமும் ஒன்றாகவே விழுந்தன. அகத்தியர் குறுமுனி, புளியமரத்தில் இருப்பதும் முனி. உச்சிவேளையில் அந்த மரத்து முனி போகும் தடத்துக்குக் குறுக்கே படுத்தவனை ‘முனி அடிச்சிருச்சு’ என்பார்கள். அந்தத் தடத்துக்கு முனிப்பாய்ச்சல் என்று பெயர்.

வடதமிழகத்தில் பச்சையம்மன் கோயில்களில் இந்த முனிகள் ஒரு பரிவாரமாகவே இருக்கிறார்கள். சென்னையை அடுத்த திருமுல்லைவாயிலில் ஆளுயரம் கடந்த சுதைச் சிலைகளாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். செம்முனி, ஜடாமுனி, முத்துமுனி என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். அப்பெயர்களில் வாமுனி அழகான சொல். வாழ்முனி என்றும் வழங்கும் பெயர், பேச்சில் ழகரம் உதிர்ந்து நிற்கிறது.

தமிழ்த் தொழிலாளர்களோடு மலாயாவுக்குக் கடல் கடந்தபோது இந்தத் தனிப்பெயர்கள் பெரும்பாலும் கரைந்துபோயின. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது 1886இல். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. கிள்ளானைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பரவின. விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடி, பால் மரம் வெட்டப் போனவர்களுக்குத் தோட்டத்து எல்லையில் துணை வேண்டியிருந்தது. மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், சுருட்டு, சாராயம். அவ்வளவுதான் முனி.

எல்லைக்கு அப்பால் இருந்த காடு மலாய்க்காரர்களின் ஓராங் புனியானுக்கு உரியது. கண்ணுக்குப் படாமல் நம்மைப் போலவே ஊர் அமைத்து வாழும் மறைகுலம் அது. ஒளிந்துகொள்வதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு புனியானுக்கு உறவு. ஆங்கிலத்தில் இவர்களை ‘எல்ஃப்’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். புனியான் மறைந்து வாழும். முனி வழியில் நின்று கேள்வி கேட்பார்.

முனியோடு ஈஸ்வரன் சேர்ந்தால் முனீஸ்வரன். முனீஸ்வரன் தமிழ்நாட்டிலேயே பழகிய வடிவம்தான், மதுரைப் பாண்டி முனீஸ்வரரைப் போல. ஆனால் புலம்பெயர்ந்த மண்ணில் அது பதவி உயர்வாகவே அமைந்தது. சிங்கப்பூர் குயின்ஸ்டவுனில் 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் வழிபடத் தொடங்கிய இடம் முதலில் முனியாண்டி கோயில்; இன்று ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். அந்நாட்டு முனீஸ்வர வழிபாட்டைப் பற்றிச் சமூகவியலாளர் வினீதா சின்ஹா 2005இல் ஒரு நூலே எழுதினார்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பெயர்ப்பலகைகளில் முனீஸ்வரர்தான் கோலோச்சுகிறார். மரத்தடிக்குக் கோபுரம் வந்தால் சுருட்டு பின்வாசலுக்குப் போகிறது. கடா வெட்டு நின்று சைவப் படையல் வருகிறது. மரியாதை கூடியது உண்மை. ஆனால் உழைப்பாளிகள் பயமும் உரிமையுமாய் அழைத்த வெறும் ‘முனி’ பலகையிலிருந்து போய்விட்டதே என்ற வருத்தம் நியாயமானது. அந்தப் பள்ளத்தாக்கின் சீபீல்டு ரப்பர்த் தோட்டம் சுபாங் ஜெயா நகரமாகிவிட்டது; தொழிலாளர் லயங்களும் இல்லை, பிரட்டுக் களமும் இல்லை. முனியாண்டி மட்டும் அடையாள அட்டையில், அப்பா பெயருக்குரிய இடத்தில் இருக்கிறார்.