கேப்டன் லட்சுமி: சீருடைக்குப் பின் 65 ஆண்டுகளுக்கும் மேல்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களிடம் கேப்டன் லட்சுமி என்றால் ஒரு புகைப்படம்தான் நினைவுக்கு வரும். தலையில் தொப்பி, கால்சட்டைச் சீருடை, அருகில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். நம் சங்க மலர்களில் அச்சாவதும் அந்தப் படமே. ஆனால் அந்தச் சீருடையை அவர் அணிந்திருந்த காலம் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அவர் வாழ்ந்ததோ 97 ஆண்டுகள். அதில் பெரும்பகுதியை அவர் மருத்துவராகவே கழித்தார். அந்த முழு வாழ்க்கையையும் இங்கே சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறோம்.

பிறப்பும் கல்வியும்

லட்சுமி 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை எஸ். சுவாமிநாதன், சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் கேரளத்தின் ஆனக்கரையைச் சேர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். இந்திய அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற பெண்களில் ஒருவர். பின்னர் திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினர். புகழ்பெற்ற நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய் லட்சுமியின் தங்கை.

பாட்டி வீட்டை ஒட்டிய காட்டிலிருந்து, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குரல்கள் சிறுவயதில் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தன. ஒருநாள் அங்கிருந்த ஒரு சிறுமியின் கையைப் பிடித்து விளையாட அழைத்துப் போனார். பாட்டிக்குக் கடும் கோபம். முதிர்ந்த வயதிலும் அவர் இதை நினைவுகூர்ந்து சொல்வதுண்டு.

1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்து மகப்பேறு, பெண்கள் நோய் மருத்துவத்தில் பட்டயம். திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் பணியாற்றினார். முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1940இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்.

சிங்கப்பூரும் ஜான்சி ராணிப் படையும்

சிங்கப்பூரில் அவர் முதலில் செய்த வேலை மருத்துவம்தான். இந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்களுக்காக மருந்தகம் நடத்தினார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. காயம்பட்ட போர்க் கைதிகளுக்கும் அவர் சிகிச்சை அளித்தார்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அவர் அறிவித்தபோது, அதை அமைக்கும் பொறுப்பு லட்சுமியிடம் வந்தது. அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் அமைச்சரவையில் அவர் ஒருவரே பெண். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அந்தப் படையில் சேர்ந்த பல நூறு பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அதுவரை கங்காணியின் குரலுக்குக் கட்டுப்பட்டிருந்தவர்கள் துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்களும் அதன் விடுதலைக்காகப் புறப்பட்டார்கள்.

படையின் ஒரு பகுதி பர்மாவுக்குச் சென்றது. மேமியோவில் இந்தப் பெண்கள் காயமுற்ற வீரர்களைப் பராமரித்தார்கள். போரின் போக்கு மாறியதும் பின்வாங்க நேர்ந்தது. லட்சுமி 1945இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படை வாழ்க்கை அதோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 31.

கான்பூர் மருத்துவர்

1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் குமார் சாகலை மணந்தார். செங்கோட்டை வழக்கில் விசாரிக்கப்பட்ட மூன்று முக்கிய அதிகாரிகளில் ஒருவர் அவர். இருவரும் ஆலைத் தொழிலாளர் நிறைந்த கான்பூரில் குடியேறினார்கள். சில மாதங்களில் நாடு பிரிந்தது. அகதிகள் வந்து குவிந்தார்கள். லட்சுமி மீண்டும் மருத்துவப் பையைத் தூக்கினார்.

சுபாஷிணி, அனிஸா என்று இரு மகள்கள். சுபாஷிணி அலி பின்னாளில் கான்பூரின் மக்களவை உறுப்பினரானார். பேரன் ஷாத் அலி திரைப்பட இயக்குநர். நம்மவர்கள் கொண்டாடிய ‘அலைபாயுதே’ படத்தை இந்தியில் எடுத்தவர் அவரே.

கான்பூரில் அவரிடம் பெரும்பாலும் வந்தவர்கள் ஏழைப் பெண்கள். பிள்ளைப்பேறு பார்ப்பது அன்றாட வேலை. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அவர் நோயாளிகளைப் பார்த்துவந்தார். அங்கே பலருக்கு அவர் கேப்டன் அல்ல, டாக்டரம்மா.

பொதுப்பணி

1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தில் வந்து குவிந்தபோது, அவர்களுக்கான முகாம்களில் மருத்துவ உதவி செய்தார். மார்க்சிஸ்ட் கட்சியில் இணைந்து மாநிலங்களவை உறுப்பினராகவும் பணியாற்றினார். 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர்.

1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பின் சீக்கியர்கள் தாக்கப்பட்டபோது, எழுபது வயதில் தெருவில் இறங்கி நின்றார். அவருடைய மருந்தகத்தைச் சுற்றியிருந்த பகுதியில் சீக்கியர்கள் பாதுகாக்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவை அழைத்துச் சென்றார்.

1998இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகள் சார்பில் நின்றார். எதிரே அப்துல் கலாம். ராமேசுவரத்தில் பிறந்தவரும் சென்னையில் பிறந்தவரும் மோதிய தேர்தல் அது. வெற்றி கிடைக்காது என்று அறிந்தேதான் அவர் போட்டியிட்டார்.

2012 ஜூலை 23 அன்று கான்பூரில் காலமானார். உடல் அவர் விருப்பப்படி மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. ஒரு மருத்துவரின் கடைசிக் கொடை அது.

அந்தப் படையின் மற்ற பெண்கள்

லட்சுமியோடு பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பன் 1946இல் மலாயா இந்தியக் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, பின்னர் மலேசிய மேலவை உறுப்பினரானார். ஈப்போவின் ராசம்மா பூபாலன் ஆசிரியையானார். பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுச் சங்கம் அமைத்துப் போராடினார். இவர்களும் சீருடையைக் கழற்றிய பின்தான் நீண்ட பணிகளைச் செய்தார்கள்.

இந்த மூவரும் ஆங்கிலம் படித்தவர்கள். அவர்களது பேட்டிகளும் எழுத்துகளும் நமக்குக் கிடைக்கின்றன. தோட்டத்திலிருந்து போய்த் தோட்டத்துக்கே திரும்பி, மீண்டும் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் பலரின் கதை எங்கும் பதிவாகவில்லை. படையில் இருந்ததையே சிலர் வீட்டில் பேசவில்லை. அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் நூறு வயதை நெருங்கியவர்களாகவே இருக்க முடியும்.

எனவே வாசகர்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பாட்டியோ பூட்டியோ அந்தப் படையில் இருந்தார் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால், அதை விசாரித்து எழுதிவையுங்கள். அதோடு நிறுத்திவிட வேண்டாம். போருக்குப் பிறகு அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்தார், அக்கம்பக்கத்தில் யாருக்குத் துணை நின்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.