பனியா, புகையா? அறுவடை நேரத்தில் ஆவுடையார்கோவில் காற்று எப்படி மாறும்?

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில், காவிரி டெல்டாவின் கடைமடை. தை மாத விடியலில் இங்குள்ள வயல்களில் தெரிகிற வெண்மை எல்லாமே பனி கிடையாது. தூசும் புகையும் அதில் கலந்திருக்கலாம்.

எப்போது சுத்தம்?
அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை காற்றில் மிதக்கும் தூசியைக் கழுவி இறக்கிவிடும்.

எப்போது மோசம்?
ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. மெஷின் கிளப்பும் தூசு, போகிப் புகை, சில வயல்களில் தாளுக்கு வைக்கும் தீ எல்லாம் சேரும். இரவில் தரை குளிர்ந்துவிட, மேலே உள்ள வெப்பக் காற்று மூடி போல நிற்கும். வெயில் ஏறினால்தான் புகை கலையும்.

எண் என்ன சொல்லுது?
நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள், பி.எம். 2.5. ஒரு கன மீட்டர் காற்றில் இதன் 24 மணி நேர சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார அமைப்பு சொல்வது 15. காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் ‘மோசம்’. அளவீட்டு நிலையம் இல்லாத ஊருக்கு ஆப் காட்டுவது கணிப்புதான். பக்கத்து வயல் புகை அதில் தெரியாமல் போகலாம்.

என்ன செய்யலாம்?
ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் வரும் வரை வெளியே போவதைத் தள்ளிப்போடலாம். அறுப்பு வேலைக்குப் போகிறவர்களால் அது முடியாது. முகத்தில் கட்டும் துண்டு பெரிய தூசைத்தான் தடுக்கும். நுண்துகளுக்கு என்95 மாஸ்க் வேண்டும். வைக்கோலைக் கட்டுக் கட்டி விற்றால் மாட்டுக்குத் தீவனம். எரித்தால் காசும் போச்சு, மண்ணின் சத்தும் போச்சு.