சொன்னவர் பெயரைச் சொல்லுதல்: அறிவுலகின் அமானிதம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றுப் பகுதியில் அமைந்த சிற்றூர் திருவக்கரை. அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என நிலவியலார் கருதும் இக்கல்மரங்களை, 1781ஆம் ஆண்டிலேயே சோனரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் குறிப்பிட்டுள்ளார். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைக் கல்மரப் பூங்காவாக ஆக்கிப் பாதுகாத்தது.

அங்கே அடிமரங்கள் இருக்கின்றன. வேரும் கிளையும் இல்லை. ஆகவே, இவை அங்கு வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தவை என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். எங்கே கிடந்தது, எவ்வழி வந்தது என்னும் செய்தி சேர்ந்த பின்னரே கல் சான்றாகிறது.

இப்படிவுகளைச் சேர்ந்த மரவகை ஒன்றுக்கு 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்லைடன் பெயரிட்டார். 1931இல் பீர்பால் ஸாஹ்னி அதனை வேறொரு பேரினத்துக்கு மாற்றினார். இன்றும் அதன் அறிவியற் பெயரை முழுமையாக எழுதுவோர், ஷ்லைடனின் பெயரை அடைப்புக்குறிக்குள் இட்டு, அதன்பின் ஸாஹ்னியின் பெயரை எழுதுகின்றனர். திருத்தியவர் தமக்கு முன் சொன்னவரை மறைப்பதில்லை என்பது அத்துறையின் விதி.

இத்தகைய ஒழுங்கு குலைந்தால் விளைவது என்ன என்பதையும் அதே துறை கண்டிருக்கிறது. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. ஜே. குப்தா, ஏறத்தாழ கால் நூற்றாண்டு இமயமலைப் புதைபடிவங்கள் குறித்து நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டார். அவற்றுட் பல, மொராக்கோ, நியூயார்க் முதலிய தொலைவிடங்களின் படிவங்களை இமயத்தில் கிடைத்தனவாகக் காட்டுகின்றன என்று 1989 ஏப்ரலில் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் 'நேச்சர்' இதழில் எழுதினார். பல்கலைக்கழக விசாரணையும் குற்றத்தை உறுதி செய்தது. அவரை நம்பி உடன் எழுதிய அறிஞர்கள் பலர் தலைகுனிய நேர்ந்தது. அக்கட்டுரைகளை ஆதாரமாகக் கொண்ட இமயமலை நிலவியற் குறிப்புகளில் எவற்றை ஏற்பது, எவற்றைத் தள்ளுவது என்ற குழப்பமும் எஞ்சியது.

குப்தா செய்தது பொய்ச்சான்று. எழுத்துத் திருட்டு அதன் உடன்பிறப்பு. பொய்ச்சான்று இல்லாத மூலத்தைக் காட்டுகிறது. திருட்டோ இருக்கும் மூலத்தை மறைக்கிறது. இரண்டிலும் செய்தி வந்த வழி அழிந்துபோகிறது.

தத்லீஸ்: மறைக்கப்பட்ட இடையாள்

செய்தி வந்த வழியைக் காப்பதற்கென்றே ஒரு கலையை வளர்த்த சமுதாயம் நம்முடையது. அதுவே இஸ்னாத். பொய்யரை மட்டும் அன்றி, உண்மையான செய்தியைக் கூறிக்கொண்டே இடையாளை மறைப்பவரையும் ஹதீஸ் கலை வல்லுநர்கள் விட்டுவைக்கவில்லை. ஒருவர் தம் ஆசிரியரைச் சந்தித்திருக்கிறார்; ஆனால் குறிப்பிட்ட ஒரு செய்தியை அவரிடம் நேரே கேட்கவில்லை, மற்றொருவர் வாயிலாகவே பெற்றார். அந்த மற்றொருவரை விட்டுவிட்டு, நேரே கேட்டதுபோன்ற தோற்றம் தரும் சொல்லால் அறிவித்தால் அது தத்லீஸ். பஸ்ராவின் ஷுஅபா (ரஹ்) இதனை மிகக் கடுமையாக வெறுத்தார். ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்), இவ்வழக்கம் உடையோரை ஐந்து படித்தரங்களாகப் பிரித்துத் தனிநூலே எழுதினார்.

ரவ்ளாவில் திறவாத கதவு

ஹதீஸ் அறிவிப்பில் தோன்றிய இந்த உணர்வு நூலாக்கத்திலும் தொடர்ந்தது. தம் நூலைத் தமதாக்கிக்கொண்ட ஒருவரைக் கண்டித்து, நூலாசிரியனையும் திருடனையும் வேறுபடுத்திக் காட்டும் சிறுநூலொன்றை இமாம் ஸுயூத்தி (ரஹ்) எழுதினார்.

புகாரி விரிவுரையால் நம் மதரஸாக்களில் அறிமுகமான இமாம் கஸ்தல்லானி (ரஹ்) மீதும் அவர் முறையிட்டார். வழக்கு ஷைகுல் இஸ்லாம் ஸக்கரிய்யா அல்அன்ஸாரி (ரஹ்) முன்னிலைக்கு வந்தது. ஸுயூத்தியின் வாதம் நுட்பமானது: இவர் பைஹகீயிடமிருந்து எடுத்ததாகப் பலவிடங்களில் எழுதுகிறார், பைஹகீக்குப் பல நூல்கள் உள்ளன, எந்த நூலில் கண்டார் என்று சொல்லட்டும், என் நூலில் கண்டே எழுதினார் எனில், பைஹகீ சொன்னதாக ஸுயூத்தி எடுத்தெழுதியுள்ளார் என்றன்றோ குறித்திருக்க வேண்டும்?

பின்னர் மனவருத்தம் தீர்க்க விழைந்த கஸ்தல்லானி, காலில் செருப்பின்றி ரவ்ளாவிலிருந்த ஸுயூத்தியின் வீடுவரை நடந்துசென்று கதவைத் தட்டினார். உள்ளிருந்தவாறே தம் மனம் தெளிந்துவிட்டதாகக் கூறிய ஸுயூத்தி, கதவைத் திறக்கவில்லை. இந்நிகழ்ச்சியை, அஹமதாபாத்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 1038இல் மறைந்த அப்துல் காதிர் அல்ஐதரூஸின் 'அந்நூருஸ் ஸாஃபிர்' வாயிலாக நாம் அறிகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மஹ்மூதிய்யா நூலகத்தின் பழைய நூல்களைச் சிறிது மாற்றித் தம் பெயரில் வெளியிட்டவர் என்று ஸுயூத்தியையே குற்றம் சாட்டினார் அவர் காலத்து ஸகாவி (ரஹ்). பெரியோரிடையே எழுந்த இப்பிணக்கில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. இருவரும் எதனைக் குற்றமென்று ஒப்புக்கொண்டனர் என்பதே நமக்குப் பாடம்.

நம் காலத்தில்

2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறைகளும் படித்தரம் வகுத்துள்ளன. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டுக்கு மேல் 40 வரை எனில் 6 மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும்; 60 வரை எனில் ஓராண்டுத் தடை; அதற்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். ஆயினும் கணினி சொற்களை எண்ணுமேயன்றி, சொல்லை மாற்றிக் கருத்தைக் கவர்ந்தவரை எளிதில் அறியாது. ஸுயூத்தி சுட்டிய குற்றமோ, அதாவது இடைநூலில் கண்டதை மூலநூலில் கண்டதாகக் காட்டுவதோ, அந்த எண்ணிக்கையில் சிக்கவே சிக்காது.

நம் ஊர்களின் பள்ளிவாசல் வரலாறுகளையும் விழா மலர்களையும் புரட்டினால் இதன் கேட்டை உணரலாம். ஒரு மலரில் ஆதாரமின்றி எழுதப்பட்ட ஆண்டு, அடுத்தடுத்த மலர்களில் பெயரின்றிப் படியெடுக்கப்படுகிறது. ஒருவர் சொன்னது பத்துப்பேர் சொன்னதாகத் தோன்றிவிடுகிறது. முதலில் எழுதியவர் யாரென்று தெரியாததால், அவரது பிழையைத் திருத்தவும் வழியில்லை.

தவிர்க்கும் வழி கடினமன்று. குறிப்பெடுக்கும்போதே நூலையும் பக்கத்தையும் எழுதிக்கொள்ளல். பிறர் சொற்களை மேற்கோட்குறிக்குள் இடல். சொல்லை மாற்றினும் கருத்துக்குரியவரைக் குறித்தல். மூலத்தைக் காணாதபோது எந்நூல் வழி அறிந்தோம் என ஒப்புக்கொள்ளல். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுத்த தமிழ் மரபில், வழிநூல் என்று சொல்லிக்கொள்வது இழிவாகக் கருதப்பட்டதில்லை.

வானூர் வட்டத்துக் கல்மரங்களுக்கு வேரில்லை. அவை வந்த வழியை அறிஞர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம் எழுத்தைப் படிக்கும் அடுத்த தலைமுறைக்கு அத்தகைய தேடலை வைக்காமல், வந்த வழியை நாமே எழுதிவைப்போமாக.